தூரிகை கவ்விய வாயில் பிறந்த சொல்

போன வாரம் காரெல் சாபெக்கை அவருடைய அண்ணனின் ஓவியக்கூடத்து வாசலில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' போட்டுவிட்டேன். மனிதர் முதுகெலும்பு நோய்க்காரர், கைத்தடி ஊன்றி நடப்பவர். அவரைப்போய் ஒரு வாரம் நிற்கவைத்தது பாவம்தான். முதலில் உள்ளே அனுப்பிவிடுவோம்.

வருஷம் 1920. காரெலுக்கு முப்பது வயது. பத்திரிகைக்காரர், எழுத்தாளர். தலைக்குள் ஒரு நாடகம் கொதித்துக்கொண்டிருக்கிறது. ப்ராக் நகரத்து டிராம் வண்டியில் நெருக்கியடித்து நின்றவர்களைப் பார்த்தபோது, இவர்கள் மந்தைபோலக்கூட இல்லையே, இயந்திரங்கள்போல அல்லவா நிற்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதைப் போன வாரமே சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொறியிலிருந்து முழுக் கதையும் பற்றிக்கொண்டது.

ஒரு தீவு. அதில் ஒரு தொழிற்சாலை. அங்கே தயாராவது செயற்கை மனிதர்கள். இரும்பும் பல்சக்கரமும் கிடையாது. ரசாயனக் கூழில் பிசைந்து எடுத்த சதை, நரம்பு, தோல். பார்க்க அச்சு அசல் மனிதர். வேலைக்கு வேண்டாதது எதுவும் உள்ளே வைக்கப்படவில்லை. பாட்டுக் கேட்க ஆசைப்படாது. ஊருக்குப் போக லீவு கேட்காது. கூலியைப் பற்றிப் பேச்சே கிடையாது.

முடிவுவரை யோசித்தாயிற்று. கம்பெனிப் பெயர்கூடத் தயார். ரோஸ்ஸும். செக் மொழியில் அறிவுக்கு ரோஸும் என்று பெயர். அதைக் கொஞ்சம் திருகி முதலாளியின் பெயராக்கிவிட்டார். இப்படிப் பெயர் சூட்டுவதில் காரெலுக்கு ஒரு குறும்பு உண்டு.

எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை.

அந்தச் செயற்கை மனிதர்களை என்னவென்று கூப்பிடுவது?

உள்ளே யோசெப் நிற்கிறார். தம்பியைவிட மூன்று வயது மூத்தவர். சட்டத்தில் மாட்டிய துணிக்கு முன்னால் கை ஓடிக்கொண்டிருக்கிறது. துணிமேல் தூரிகை உரசும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. வாயில் இன்னொரு தூரிகை. தம்பி வந்தான் என்பதற்காக அவர் வேலையை நிறுத்தவில்லை.

நாடகத்துக்கு ஒரு கரு கிடைத்திருக்கிறது என்றார் காரெல். என்ன கரு என்று தூரிகைக்கு நடுவிலிருந்து ஒரு முனகல். காரெல் முடிந்தவரை சுருக்கிச் சொன்னார். தீவு, தொழிற்சாலை, கூலி கேட்காத ஆட்கள், கடைசியில் நடக்கும் பயங்கரம். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அப்படியானால் எழுதிவிடு என்று மறுபடி ஒரு முனகல். அவ்வளவுதான். தூரிகை வாயைவிட்டு இறங்கவில்லை. கையும் நிற்கவில்லை.

காரெலுக்குச் சுருக்கென்றது. உலகத்தையே புரட்டிப்போடப்போகும் கதை என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு, மளிகைச் சீட்டு வாசித்துக் காட்டியதுபோல் ஒரு பதில்! எழுதுகிறவர்கள் வீட்டில் இது தினப்படி நடப்பதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

ஆனால் அவர் கேட்க வந்தது பாராட்டு இல்லையே. பெயர். அதையும் கேட்டுவிட்டார். 'லாபோரி' என்று வைக்கலாமா என்று யோசித்திருக்கிறேன், ஆனால் அது கொஞ்சம் ஏட்டுச் சுரைக்காயாகத் தெரிகிறதே என்று இழுத்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

லாபோரி தவறான சொல்லே இல்லை. உழைப்புக்கு லத்தீனில் லாபோர். ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் புரியும். ரோமாபுரி காலத்து கௌரவம் வேறு. இன்னொருவராக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நாமும் இன்று 'லாபோர் வைத்து வீட்டைத் துடைக்கிறோம்' என்று பேசிக்கொண்டிருப்போம். காரெலின் காது அதை ஏற்கவில்லை. மேடையில் பேசவேண்டிய சொல் அது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்டவுடனே அடிவயிற்றில் ஏதாவது நடக்கவேண்டும். லத்தீன் பாடப்புத்தகத்தைப் பார்த்து யாருக்கு அடிவயிறு கலங்கும்? பரீட்சைக்குப் போகிற பையனுக்கு வேண்டுமானால் கலங்கலாம்.

யோசெப்பின் கையிருப்பிலும் ஒரு சொல் இருந்தது. இது பலருக்குத் தெரியாது. அவர் ஓவியர் மட்டுமில்லை, எழுத்தாளரும்கூட. 1917-இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பில் 'குடிகாரன்' என்று ஒரு கதை உண்டு. அதில் மனிதனைப்போல இயங்கும் ஒரு பொம்மை வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆட்டோமாட்'. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தானாக இயங்குவது என்று பொருள். கடிகார கோபுரத்தில் மணியடிக்கும் பொம்மைகளை ஐரோப்பா முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். தம்பி கேட்டதும் அந்தச் சொல்லை எடுத்து நீட்டியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

நீட்டவில்லை.

ஏன் நீட்டவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஆட்டோமாட் என்பது எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லும் சொல். தம்பியின் கதையிலோ அது எப்படி இயங்குகிறது என்பது ஒரு விஷயமே இல்லை. யாருக்காக இயங்குகிறது என்பதுதான் விஷயம். கருவைக் காதில் வாங்காததுபோல் நின்ற ஓவியர் அதைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார்.

தூரிகையைக் கடித்தபடியே அவர் முணுமுணுத்தார்.

ரோபோட்.

சொல்லிவிட்டு மறுபடி துணிப்பக்கம் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். இது நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? காரெலே எழுதினார். 1933-ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 'லிதோவே நோவினி' என்ற செக் நாளிதழில். அதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. ஒரு பேராசிரியர் அதைப் பத்திரிகையில் குறிப்பிட, காரெலுக்கு மனசாட்சி உறுத்தியது. பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது, சொல்லைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அண்ணன் என்று உடைத்துச் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணனும் பங்கு கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. வெறும் மூன்றெழுத்துப் பெருமைக்காகச் சகோதரர்கள் கோர்ட்டுப் படியேறுகிற உலகத்தில் இப்படியும் ஒரு ஜோடி.

சரி. இப்போது சொல்லுக்கு வருவோம். யோசெப் அதைப் புதிதாகச் செய்தாரா?

இல்லவே இல்லை. பழைய சொல் ஒன்றின் வாலை மட்டும் நறுக்கினார். முழுச் சொல் 'ரோபோட்டா'. அதைக் கேட்டால் ஒரு செக் குடியானவனின் கொள்ளுப்பாட்டனுக்கு முதுகு எரியும்.

காரணம் இது. நிலம் பிரபுவுடையது. குடியானவன் அதில் ஒரு துண்டை வைத்துப் பிழைக்கிறான். அதற்கு ஈடாக, வாரத்தில் இத்தனை நாள் பிரபுவின் வயலில் போய் உழைக்கவேண்டும். கூலி கிடையாது. மாடு அவனுடையது. ஏரும் அவனுடையது. சாப்பாட்டையும் துணியில் கட்டி எடுத்துப்போகவேண்டும். அறுவடைக் காலத்தில்தான் கொடுமை. மழை வரும்போல இருக்கும். அவன் வயலில் கதிர் சாய்ந்து கிடக்கும். ஆனால் அன்று முறை பிரபுவுக்கு. தன் கதிர் நனைவதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவன் கதிரை அறுக்கவேண்டும். வரப்பில் பிரபுவின் சேவகன் சாட்டையோடு நிற்பான். அந்த நாட்களின் பெயர்தான் ரோபோட்டா. நம் சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கூலியில்லாத கட்டாய உழைப்பு, கிட்டத்தட்ட அதே சரக்கு.

செக் மொழியில் சாதாரண வேலைக்கு வேறு சொல் இருக்கிறது. 'ப்ராட்சே'. ஆபீஸ் வேலை, தோட்ட வேலை எல்லாம் அதில் அடங்கும். ஆகவே ப்ராக் ரசிகன் மேடையில் 'ரோபோட்' என்று கேட்டதும் அவன் காதில் விழுந்தது வேலைக்காரன் இல்லை. சாட்டைக்கு முன்னால் குனிந்து நிற்பவன்.

எல்லையைத் தாண்டினால் கதை மாறுகிறது. இதைத்தான் நான் ரசித்து ரசித்துப் படித்தேன். பக்கத்து வீடான ஸ்லோவாக்கியாவில் ரோபோட்டா என்றால் சாதாரண வேலை. காலையில் டிபன் டப்பாவோடு கிளம்புகிறவன் ரோபோட்டாவுக்குப் போகிறேன் என்றுதான் சொல்வான். ஒரு வலியும் இல்லை. போலந்திலும் அப்படித்தான், பேச்சுவழக்கில் வேலைக்கு அதே சொல். உக்ரைனிலும் அதே. ரஷ்யாவில் 'ரபோத்தா', வேலை. ஆனால் அதே ரஷ்யாவில் 'ராப்' என்றால் அடிமை. வாலைப் பிடித்தால் வேலை, தலையைப் பிடித்தால் விலங்கு! செர்பியாவிலும் 'ரோப்' என்றால் அடிமைதான்.

ஹங்கேரிக்காரன் நிலைமை இன்னும் வேடிக்கை. அவன் மொழி ஸ்லாவிய மொழியே இல்லை. ஆனால் ஸ்லாவிய அண்டை வீட்டாரிடமிருந்து 'ரோபோட்' என்ற சொல்லை, வால் நறுக்கிய நிலையிலேயே, நூற்றாண்டுகளுக்கு முன்பே கடன் வாங்கிவிட்டான். அங்கேயும் பொருள் கட்டாய உழைப்பு. ஆக, காரெலின் நாடகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஹங்கேரிக் கிராமத்தில் 'இன்றைக்கு ரோபோட்' என்றால் வீட்டில் அடுப்பெரியாது என்று அர்த்தம். வியன்னாவின் ஜெர்மன் மொழியிலும் அதே சொல் புகுந்து சட்டப்புத்தகம்வரை ஏறிவிட்டது. 1680-இல் சக்கரவர்த்தி லியோபோல்டு கையெழுத்திட்ட ஆணைக்கு 'ரோபோட் பட்டயம்' என்றே பெயர். ஆவணக் காப்பகத்தில் விவரம் தெரியாமல் அதை எடுக்கிற கல்லூரி மாணவன் ஆடிப்போவான். 1680-இல் ரோபோவுக்குச் சட்டமா!

இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் ஒரு குழந்தை கிடைக்கிறது. ஆமாம், குழந்தை.

மொழியியலாளர்கள் இந்தச் சொல்லை ஆணிவேர்வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் 'ஓர்ஃபனோஸ்', பெற்றோரை இழந்த பிள்ளை. ஆங்கிலேயன் அனாதைக்குச் சொல்லும் 'ஆர்ஃபன்' அங்கிருந்து வந்ததுதான். லத்தீனில் 'ஓர்புஸ்', இழந்தவன். ஆர்மீனிய மொழியில் 'ஓர்ப்', மறுபடி அனாதை. சமஸ்கிருதத்தில் 'அர்பக', சின்னப் பிள்ளை. ஸ்லாவியர்களிடம் அதே வேர் அடிமையைக் குறித்து, அப்புறம் அடிமையின் வேலையைக் குறித்தது. ஜெர்மானியர்களிடம் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று 'எர்பெ', பரம்பரைச் சொத்து. இன்னொன்று 'ஆர்பைட்', வேலை. இன்று ஜெர்மன்காரர் பெருமையோடு சொல்லும் இந்த ஆர்பைட், பழைய ஜெர்மனில் பாடு, துன்பம் என்ற பொருளில் வழங்கியது.

கோத்துப் பாருங்கள். தகப்பன் செத்துப்போகிறான். சொத்து கைமாறுகிறது. பிள்ளை அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறது. சோறு போடுகிறவன் வேலை வாங்குகிறான். கேட்க நாதியில்லை. ஐரோப்பாவின் அரைடஜன் மொழிகள் இந்த ஒரே கதையை ஆளுக்கொரு துண்டாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவரிடம் பிள்ளை, ஒருவரிடம் சொத்து, ஒருவரிடம் பாடு.

யோசெப் இவ்வளவையும் யோசித்துத்தான் முனகினாரா என்று கேட்காதீர்கள். வாயில் தூரிகை வைத்திருப்பவர் வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்வதில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. அந்தச் சொல் அவருடைய ஊர் மண்ணிலேயே கிடந்தது.

எந்த ஊர்?

செக் மண்ணான பொஹீமியாவின் வடகிழக்கு மூலை. மலையடிவாரம். நெசவாலைகள். அண்ணன் பிறந்தது ஹ்ரோனொவ், தம்பி பிறந்தது மாலே ஸ்வதோனொவித்ஸே, இரண்டுபேரும் வளர்ந்தது ஊபித்ஸே. எல்லாம் கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாவிட்டாலும் நடந்தே போய்வரலாம். தகப்பனார் டாக்டர். தம்பி படிப்பில் கெட்டி என்று உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார். அண்ணனை நெசவுப் பள்ளியில் போட்டார். இரண்டு வருஷம் தறி படித்த பையன், அப்புறம் ஒரு வருஷம் ஊபித்ஸே ஆலையில் வேலை பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஓவியம் படிக்க ப்ராக் போனான். ஆக, இந்த இரண்டு சகோதரர்களில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நாளை ஓட்டியவர் யோசெப்தான். சங்கு ஊதினால் கை அசையவேண்டும், மறுபடி ஊதினால் நிற்கவேண்டும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதியில்லை.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்கிற கதை ஒன்று உண்டு. மாலே ஸ்வதோனொவித்ஸேக்குப் பக்கத்து ஊர் ர்தினியே. அங்கே நிவ்ல்ட் என்று ஒரு ஊர்த்தலைவர் இருந்தார். அந்தோனின் நிவ்ல்ட்.

1775. இளவேனிற்காலம் அப்போதுதான் எட்டிப்பார்க்கிறது.

சில வருஷங்களுக்கு முன்புதான் பொஹீமியாவைப் பஞ்சம் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. பொஹீமியாவை ஆண்ட வியன்னாவில் மகாராணி மரியா தெரேசா. கூடவே ஆட்சியில் பங்குகொண்ட மகன் யோசெப். பஞ்ச காலத்தில் அந்த இளவரசர் பொஹீமியாவுக்கே நேரில் வந்து பட்டினியைப் பார்த்தவர். குடியானவர்களுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை. ரோபோட்டாவைக் குறைப்பது பற்றி வியன்னாவில் பேச்சு நடக்கிறது என்று சந்தைகளில் காதோடு காது பேச்சு.

பேச்சு ஊர் ஊராகப் போகப்போகப் பெருத்தது. கடைசியில் ஒரு வதந்தியாக வெடித்தது.

மகாராணி கையெழுத்துப் போட்டுவிட்டார்! ரோபோட்டா ஒழிந்தது! தங்கப் பட்டயம் வந்துவிட்டது! பிரபுக்கள் அதை மறைத்து வைத்திருக்கிறார்கள்!

நினைத்துப்பாருங்கள். கலகத்துக்குக் கிளம்பியவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பவில்லை. அரசாணையை நிறைவேற்றக் கிளம்பினார்கள்! தங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று மனதார நம்பினார்கள். மனிதனுக்கு அநீதியைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியும். நீதி வந்துவிட்டது, எவனோ அதைப் பூட்டி வைத்திருக்கிறான் என்றால் தாங்காது.

ர்தினியேயில் நிவ்ல்டைத் தலைவராக வைத்துக் குடியானவர்கள் தங்களுக்கென்று ஓர் 'அரசாங்கமே' அமைத்தார்கள். மார்ச்சில் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். கையில் கோலும் கோடரியும் கதிரடிக்கும் தடியும். மாளிகை மாளிகையாகப் போனார்கள். பட்டயத்தைக் காட்டு என்றார்கள். இல்லாத பட்டயத்தை எந்த அதிகாரி காட்டுவான்? இல்லை என்றால் மறைக்கிறான் என்று அர்த்தம். இனி ரோபோட்டா கிடையாது என்று எழுதிக் கொடு என்று கேட்டார்கள். பயந்துபோய் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

அடுத்தது ப்ராக் என்று ஒரு கூட்டம் நடந்தது.

ராணுவம் காத்திருந்தது.

ப்ராக் எல்லையிலேயே அவர்களைச் சிதறடித்தார்கள். க்லுமெத்ஸ் என்ற ஊரருகே இன்னொரு கூட்டம் மாட்டிக்கொண்டது. முன்னால் குதிரைப்படை, பின்னால் ஏரி. மார்ச் மாதத்துத் தண்ணீர், பனி உருகிய தண்ணீர். ஓடியவர்கள் அதில் விழுந்தார்கள். சிலர் ஏறவேயில்லை. ஒரு காரியம் படுதோல்வியில் முடிந்தால் 'க்லுமெத்ஸில் குடியானவன் பட்டதுபோல' என்று செக் மக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கிரிக்கெட்டில் தோற்றால் நாம் புலம்புவதுபோல அவர்கள் கால்பந்தில் தோற்றால்கூட இதைச் சொல்வார்கள். அவ்வளவு பேருடைய மரணம் ஒரு பழமொழியாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் ஆகஸ்டில் மரியா தெரேசா உண்மையாகவே கையெழுத்துப் போட்டார். புது ரோபோட் பட்டயம். ஒழிப்பு இல்லை, அளவுகோல். யார் எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்று தரம்பிரித்தார்கள். உச்சவரம்பு வாரத்துக்கு மூன்று நாள். 1680-லும் இதே மூன்று நாளைத்தான் எழுதினார்கள். அப்போது ஓட்டைகள் அதிகம், இப்போது கொஞ்சம் குறைவு. மார்ச்சில் வதந்தியாக இருந்தது ஆகஸ்டில் பாதி உண்மையாயிற்று. ஏரியில் விழுந்தவர்கள்தான் அதைப் பார்க்கவில்லை.

இந்தக் கதையை நாவலாக எழுதியவர் அலோய்ஸ் யிராசெக். பெரிய எழுத்தாளர். 'ஸ்காலாட்சி' என்பது நாவலின் பெயர். 1875-இல், கலகத்துக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து வந்தது. யிராசெக் பிறந்த ஊர் எது தெரியுமா?

ஹ்ரோனொவ். யோசெப் சாபெக் பிறந்த அதே ஹ்ரோனொவ்.

இப்போது ஓவியக்கூடத்தில் அந்த முனகலை இன்னொரு முறை கேட்டுப்பாருங்கள். தம்பி என்ன கதை சொன்னான்? கூலியில்லாமல் உழைக்கப் படைக்கப்பட்ட ஒரு கூட்டம், ஒருநாள் திருப்பி அடிக்கிறது. தீவையே வளைத்துக்கொள்கிறது. மனித குலத்தையே தீர்த்துக்கட்டுகிறது. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறது. அல்குவிஸ்ட் என்ற கட்டடக்காரர். ஏன் அவரைமட்டும்? அவர் எங்களைப்போலக் கையால் வேலை செய்கிறவர் என்கின்றன ரோபோட்டுகள். க்லுமெத்ஸ் ஏரிக்கரையில் தோற்ற அதே போர். இந்த முறை குடியானவன் ஜெயிக்கிறான். ஹ்ரோனொவில் பிறந்த ஒருவனிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு இவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டால், அவன் வேறு எதைச் சொல்வான்?

அப்புறம் நடந்தது மின்னல்வேகம். நாடகம் அந்த வருஷமே புத்தகமாக வந்தது. ப்ராக் தேசிய அரங்கில் 1921 ஜனவரி 25-இல் மேடையேறியது. அதற்கு மூன்று வாரம் முன்பே, ஜனவரி 2-ஆம் தேதி, ஹ்ராதெட்ஸ் க்ராலொவே ஊரின் அமெச்சூர் குழு ஒன்று தன்பாட்டுக்கு அதை நடித்து முடித்துவிட்டது! தேசிய அரங்கில் தேதி தள்ளிப்போனதைப் பற்றிக் கவலைப்படாத அந்தத் துணிச்சல்காரர்களுக்கு ஒரு தனி வாரமே ஒதுக்கவேண்டும். ஒதுக்குகிறேன். 1922-இல் நியூயார்க். 1923-இல் லண்டன். போன இடத்திலெல்லாம் நாடகத்தை மொழிபெயர்த்தார்கள், இந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அப்படியே விழுங்கினார்கள். நாம் கடைசி 'ட்'டையும் சேர்த்து விழுங்கி 'ரோபோ' ஆக்கிக்கொண்டோம். சாட்டை, ஏரி, பட்டயம் எல்லாம் எல்லையிலேயே இறங்கிக்கொண்டன. சொல் மட்டும் விமானம் ஏறியது.

ஆனால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ரோபோட்டா என்ற அந்த நிஜமான கொடுமை எப்போது ஒழிந்தது? மகாராணியின் மகன் யோசெப் ஆட்சிக்கு வந்து முட்டிமோதிப் பார்த்தார். உழைப்புக்குப் பதில் பணமாகக் கட்டலாம் என்று 1789-இல் ஆணை போட்டார். மறுவருஷம் செத்துப்போனார். ஆணையும் கூடவே செத்தது. அதன்பிறகு ஏறக்குறைய அறுபது வருஷம் எந்தச் சக்கரவர்த்தியும் அதை ஒழிக்கவில்லை.

அப்புறம் 1848 வந்தது.

வியன்னா. ஜூலை மாதம். அரண்மனையின் குளிர்காலக் குதிரைப் பயிற்சிக்கூடம். வெள்ளைக் குதிரைகள் சுற்றிவந்த அந்த மண்டபத்தில் இப்போது பெஞ்சுகள். புரட்சி பெற்றெடுத்த புத்தம்புது நாடாளுமன்றம் அங்கேதான் கூடுகிறது. பிரபுக்கள், வக்கீல்கள், பாதிரியார்கள். நடுநடுவே கிராமத்து உடையில் குடியானவர்கள். அவர்களில் சிலருக்கு, சபையில் பேசும் ஜெர்மன் மொழி ஓர் எழுத்துக்கூடப் புரியாது.

சபையிலேயே வயதில் சிறியவர் எழுந்தார். ஹான்ஸ் குட்லிஹ். வயது 24. சட்டம் படித்தவர். அந்த வருஷ மார்ச் கலவரத்தில் துப்பாக்கி முனைக் கத்தியால் காயம்பட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோபோட் செய்த ஒரு குடியானவனின் மகன். கையில் ஒரு தீர்மானம். பிரபுவுக்கும் குடியானவனுக்கும் நடுவில் உள்ள அடிமைக் கட்டு அத்தனையும் இன்றோடு ரத்து.

எதிர்ப்பு வெடிக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

வெடிக்கவில்லை. பிரபுக்கள் அத்தனை முட்டாள்கள் இல்லை. தெருவில் புரட்சி நிற்கிறது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு தைரியம்? ஒழியட்டும் என்றார்கள். ஆனால் ஒரு சின்ன வேண்டுகோள். இத்தனை நாள் இலவசமாகக் கிடைத்த உழைப்பு இனிக் கிடைக்காதே. அந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுங்கள்.

ஈடு! சாட்டை பிடித்தவனுக்கு!

வாரக்கணக்கில் இழுபறி. வக்கீல்கள் எழுந்து சொத்துரிமையைப் பேசினார்கள். மந்திரிகள் ஈடு கொடுப்பதுதான் நியாயம் என்றார்கள். குட்லிஹின் தீர்மானம் நஷ்டஈட்டுச் சேற்றில் புதைந்துவிடும்போல இருந்தது. ஆகஸ்டில் ஒருநாள், கலீசியா மாகாணத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். இவான் கபுஷ்சாக். படித்த வர்க்கம் இல்லை. வக்கீல் இல்லை. உழுது பிழைக்கிற குடியானவர்.

பிரபுக்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு, அடுத்த வாரம்.